விளக்கு வைக்கும் நேரத்தில் படுத்திருப்பவள்

விளக்கு ஏற்றிய பிறகு எங்கள் வீட்டில் யாரும் படுத்திருக்கக் கூடாது. மகாலட்சுமி வரும் நேரம் அது. படுத்திருப்பவளைக் கண்டால் அவள் வாசலோடு திரும்பிவிடுவாள், அவள் இடத்தில் மூதேவி வந்து உட்கார்ந்துகொள்வாள். மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த எல்லா வீடுகளிலும் இதுதான் சட்டம். என் அசதிக்கு மட்டும் இந்தச் சட்டம் தெரியாது. மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு நாள் தவறாமல் வந்துவிடுகிறது.

எனக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். நரம்புகளின் மேலுறை அரித்துப்போகும் நோய். முதலில் கால்களை எடுத்துக்கொண்டது, பிறகு இடது கையை. சக்கர நாற்காலிக்கும் பழகிவிட்டேன். அசதிக்குத்தான் பழக முடியவில்லை. "எனக்கும் டயர்டாத்தான் இருக்கு" என்று பார்க்க வருகிறவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அவர்களுடைய களைப்பு தூங்கினால் போய்விடும். இது கடையின் ஷட்டரை இழுத்து மூடுவது போல இறங்கும். தம்ளர் கனக்கும், தலை நிற்காது, நாக்கு குழறும். வெயிலும் புழுக்கமும் அதற்கு உற்ற துணை.

இதைச் சமாளிக்க நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: அசதி வருவதற்கு முன்பே படுத்துவிட வேண்டும். வந்த பிறகு படுத்தால் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய வேலை. தலைக்குக் குளிக்கும் நாளில் தொலைபேசியில் பேசுவதில்லை. யாராவது வரும் நாளில் குளியல் இல்லை, ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி.

போன வருட நவராத்திரியில் இந்த ஒழுங்கை நானே மீறினேன். மரியாதைக்காக முதல் நாள் மாலை முழுக்க நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். சுண்டல் கிண்ணம் கையிலிருந்து நழுவியது. பேச்சு குழறியதைக் கேட்டு, வந்தவர்கள் பக்கவாதம் என்று பயந்துவிட்டார்கள். மீதி நாட்கள் கொலுவுக்குத் திரை போட்டுவிட்டு உள்ளறையில் கிடந்தேன்.

அதனால் இந்த வருடம் மகாளய அமாவாசைக்கு முன்பே என் நாத்தனார் அடையாரிலிருந்து காரோடு வந்துவிட்டாள்.

"மன்னி, பொம்மைப் பெட்டியெல்லாம் எங்காத்துக்கு எடுத்துண்டு போயிடறேன். லிஃப்ட் இருக்கு, ஹால் பெரிசு. நீங்க ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போங்கோ, போதும்."

என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல், "அவ சொல்றதும் ஒரு வகையில சரிதான்" என்றார்.

"எந்த வகையில?" என்று கேட்டேன். அவர் கார் சாவியை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினார்.

வருடம் முழுக்க நான்தான் மருத்துவமனை, மருந்துக்கடை என்று போய்வருகிறேன். மனிதர்கள் என்னைத் தேடி வருவது இந்த ஒன்பது நாட்கள்தான். பெட்டி போனால் அவர்களும் அடையாருக்குப் போய்விடுவார்கள். பிறகு என் வீட்டுக்கு வர யாருக்கும் ஒரு காரணம் இருக்காது.

"பெட்டி இங்கேதான் இருக்கும்" என்றேன். அவள் காரைக் காலியாகத் திருப்பிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையே என் கட்டிலை ஹாலுக்குத் தள்ளச் சொன்னேன். என்னைப் பார்த்துக்கொள்ள வரும் பட்டினப்பாக்கத்துப் பெண்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாமா இது, கொலுவுல கட்டிலும் ஒரு பொம்மையா?"

"ஆமாம். நான்தான் பெரிய பொம்மை. தள்ளு."

காலை வேளைகளில் மட்டும் வேலை. படுத்தபடியே ஒட்டடைக் கம்பால் இடம் காட்டினேன். அவளும் என் கணவரும் வைத்தார்கள். வழக்கமாக மூன்றாம் படியில் இருக்கும் பள்ளிகொண்ட பெருமாளை மேல்படிக்கு ஏற்றினேன், கலசத்துக்குப் பக்கத்தில். ஏன் என்று கேட்டார் கணவர். அன்றைக்குத் தெரியும் என்றேன்.

முதல் நாள் நாலரை மணிக்கே கழுத்தில் ஐஸ் துணியோடு படுத்துவிட்டேன். விளக்கு ஏற்றும் நேரத்துக்குப் பட்டுப்புடவையில் நாத்தனார் வந்தாள். கட்டிலைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன மன்னி இது! விளக்கு வெக்கற நேரத்துல, அதுவும் கொலுவுக்கு எதிர்க்கப் படுத்துண்டு..."

மேல்படியைக் கண்ணால் காட்டினேன். "அங்கே பாரு. அவர் படுத்தா சயன சேவை, நான் படுத்தா மூதேவியா?"

"பெருமாளும் நீங்களும் ஒண்ணா?"

"மகாலட்சுமி எங்கே உக்காந்திருக்கா, பாத்துச் சொல்லு."

அவள் பார்த்தாள். பெருமாளின் காலடியில்தான் உட்கார்ந்திருந்தாள் லட்சுமி.

"படுத்திருக்கறவா பக்கமே வரமாட்டாள்னு எல்லாரும் சொல்றாளே. அவருக்குக் காலே பிடிச்சுவிடறா" என்றேன். பட்டினப்பாக்கத்தாள் சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் ஓடினாள்.

மாடி வீட்டுப் பெண்தான் முதலில் வந்தாள். "உடம்பு சரியில்லையா மாமி? நாங்க அப்புறமா வரோம்."

"சரியில்லைதான். அப்புறமும் சரியா இருக்காது. உள்ள வந்து பாடு."

பாடினாள். கண்ணை மூடிக் கேட்டேன். "பாவம், தூங்கிட்டா" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். "தூங்கலை. ரெண்டாவது சரணத்தை விட்டுட்டா" என்றேன். அதற்குள் நாக்கு குழற ஆரம்பித்திருந்தது. ஆனாலும் அவளுக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே விட்ட சரணத்தைப் பாடினாள்.

வெற்றிலைபாக்குத் தட்டை என் வலது பக்கத்தில் மெத்தைமேல் வைக்கச் சொல்லியிருந்தேன். மாலையில் கையை உயர்த்த முடியாது. தட்டை விளிம்புவரை நகர்த்தினேன், வந்தவர்கள் குனிந்து எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் குனிந்தார்கள்.

கடைசியில் நாத்தனார். "ஒரு நிமிஷம் எழுந்து உக்காந்து குடுக்க முடியாதா மன்னி?"

"முடியாது."

தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு பட்டுப்புடவை கசங்கக் குனிந்து, குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். "சுண்டல்ல உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெட்டியைப் பற்றிப் பேசவில்லை.

நாட்குறிப்பை இப்போது கைபேசியிடம் சொல்லித்தான் எழுதுகிறேன். மாலையில் குழறிப் பேசினால் அது 'அசதி' என்பதை 'வசதி' என்று போட்டுவிடும். தினமும் காலையில் உட்கார்ந்து பிழை திருத்துவேன். எழுதியது சரியாக இருக்க வேண்டும் எனக்கு. மறுநாள் காலை திறந்தால் இப்படி இருந்தது: 'நவராத்திரி முதல் நாள். நிறையப் பேர் வந்தார்கள். மாலை முழுவதும் வசதி.'

அந்த ஒரு பிழையை மட்டும் திருத்தாமல் விட்டேன்.