பட்டறை பாயின் புறங்கை

கரும்பு ஏற்றிக்கொண்டு திருவாலங்காடு ஆலைக்குப் போகையில் என் பழைய லாரி பின்பக்கம் உறுமியது. ஆக்சில் போய்விட்டது என்று பயந்து திருத்தணிப் பட்டறை ஒன்றில் நிறுத்தினேன். மெக்கானிக் பாய் ஒல்லியான மனிதர். ஸ்பேனரைத் தொடாமல் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். இடது பின்சக்கரத்தில் சூடு பட்டு வெடுக்கென்று கையை எடுத்தார்.

"ஆக்சில் நல்லாகீது நைனா. ஹப் நட்டைத்தான் ஓவரா முடுக்கிகீறாங்க, பேரிங் வெந்துபோச்சு. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா உனக்கு முன்னாடி சக்கரம் ஆலைக்குப் போயிருக்கும். யாரு முடுக்கினது?"

"வேற பட்டறைங்க" என்றேன். முடுக்கியது நான்தான்.

ஸ்பேனர் பிடித்து என் உள்ளங்கையில் வந்த கொப்புளத்தைப் பார்த்தார். புது பேரிங் போட்டதும் ஸ்பேனரை என்னிடமே நீட்டினார்.

"முடுக்கிட்டு, கொஞ்சம் திருப்பி வுடு. அந்தப் பட்டறைக்காரன்கிட்டயும் சொல்லிடு."

இப்போது லாரியை நிறுத்தும் இடத்திலெல்லாம் நானும் ஹப்பில் புறங்கை வைக்கிறேன். அவரிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை.