வெறும் தட்டில் நூற்றைம்பது கிராம்

எங்கள் முதல் குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை ஆயிரத்து அறுநூற்று இருபது கிராம். மயிலாப்பூரில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. ஆயிரத்து எண்ணூறு வந்தால் வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவள் பிறந்த மறுநாள் பிடித்த மழை விடவே இல்லை.

அங்கிருந்த எலக்ட்ரானிக் தராசு நான் செய்தது. அடையாறில் நாலு பேர் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் அதன் சர்க்யூட்டை வடிவமைத்தவன் நான்தான். தீபாவளிக்கு முன்புதான் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருந்தோம். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு; எனக்கு அந்த அறையில் இரண்டு குஞ்சுகள். தினமும் காலையில் எண் ஏறியது. ஏறுகிறதே என்று பத்தாம் நாள் டாக்டரம்மா மூக்கில் போட்டிருந்த பால் டியூபை எடுத்துவிட்டார். பதினைந்தாம் நாள் ஆயிரத்து எழுநூற்று நாற்பது.

என் மனைவி மட்டும் சந்தோஷப்படவில்லை.

“ஏங்க, தொடையில தோல் தொளதொளன்னு இருக்கு. இழுத்துக் குடிக்கத் தெம்பில்ல, பாதியிலயே தூங்கிடுறா. எடை ஏறுற மாதிரியே தெரியல.”

“மெஷின் பொய் சொல்லுமா?” என்று எரிந்து விழுந்தேன். டாக்டரம்மாவும் எடை எழுதிய அட்டையைக் காட்டி அவளைச் சமாதானப்படுத்தினார்.

அன்று மதியம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். அவள் நிம்மதிக்காகத்தான் தராசிடம் போனேனே தவிர, எனக்குச் சந்தேகமெல்லாம் கிடையாது. காலித் தட்டோடு சுவிட்சைப் போட்டேன். நூற்றைம்பது என்று காட்டியது.

அதுவரை வெறும் தட்டை யாரும் பார்த்ததே இல்லை. எடை போடும் ஆயாம்மா துணியோடு குழந்தையைக் கிடத்திவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். துணிக்கு அறுபது கழித்துச் சொல்வார். வீணாக ஓடினால் மெஷின் கெட்டுவிடும் என்று அவருக்குப் பயம். தானாகப் பூஜ்யத்துக்கு வரும் வசதி அந்தத் தராசில் இல்லை. பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

“இன்னா சார் நீ, நல்லா ஓடிக்கினு கீற மிஷினப் போயி பிரிச்சிக்கினு கீற!” என்று ஆயாம்மா அதட்டினார்.

தட்டுக்கு அடியிலிருந்து வரும் வோல்டேஜ் மிகமிகச் சின்னது. ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. அதைப் பல நூறு மடங்கு பெருக்கினால்தான் எண் கிடைக்கும். அழையா விருந்தாளியாக வேறு ஒரு துளி வோல்டேஜ் நுழைந்தால் அதையும் சேர்த்துத்தான் பெருக்கும். அந்த விருந்தாளிக்குத்தான் ஆஃப்செட் என்று பெயர். ஐ.சி.யின் உள்ளீட்டுக் கால்களை ஒரு ஒயரால் கிரவுண்டோடு சேர்த்தேன், பூஜ்யம் வந்தது. ஒயரை எடுத்தேன், மறுபடி நூற்றைம்பது. ஐ.சி. பழுதில்லை, பக்கத்தில் எங்கிருந்தோ கசிகிறது என்று புரிந்தது.

குழந்தைகளுக்குக் கதகதப்பு தருவதற்கென்று ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. சர்க்யூட் போர்டை அதனருகே பிடித்தேன். எண் நூற்றிருபதானது, எண்பதானது. ஈரம்! கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஐ.சி.யின் கால்களுக்கு நடுவே ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

ஆயுத பூஜையன்று மேஜையிலிருந்த சால்டரிங் அயர்ன், மீட்டர், இடுக்கி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவன் நான். மூடாமல் கிடந்த இந்த போர்டுக்கும், நன்றாக ஓடட்டும் என்று ஒரு பொட்டு வைத்தேன். காய்ந்திருந்தவரை தொந்தரவில்லை. மழை வலுக்க வலுக்கப் பொட்டு ஈரத்தைக் குடித்தது, கரண்ட் கசிந்தது, என் மகள் அட்டையில் மட்டும் வளர்ந்தாள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை பதினைந்து நாள் குழந்தையைச் சுட்டிருந்தது. என்மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது.

ஆயாம்மாவிடம் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கித் துடைத்து, பல்பில் காய வைத்தேன். வெறும் தட்டில் பூஜ்யம் நின்றது.

மனைவியே குழந்தையைத் தூக்கிவந்து கிடத்தினாள். எனக்குப் பார்க்கவே தைரியமில்லை. ஆயாம்மா துணிக்குக் கழித்துச் சொன்னார்: ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு. பிறந்ததைவிட முப்பது கிராம் குறைவு. டியூபை எடுத்த ஐந்து நாளும் அவள் அரை வயிற்றோடு கிடந்திருக்கிறாள். மனைவியிடம் சந்தனத்தைப் பற்றிச் சொன்னேன், வைத்தவன் நான்தான் என்பதையும் சொன்னேன். திட்டட்டும் என்று காத்து நின்றேன்.

“இப்ப சரியா காட்டுதா?”

“ம்.”

“நிச்சயமா?”

தலையாட்டினேன்.

“அப்பாடா!” என்றாள். “இனிமேலாவது நான் சொல்றத நம்புவாங்க. ஓடிப் போய் டாக்டரைக் கூட்டிட்டு வாங்க, டியூப் போடணும்.”