கல்யாண வாசலில் வாடிய வாழை

பொன்மலை பிரான்சி வாயைத் திறந்தால் வாழைதான். திருவானைக்காவலில் உள்ள எங்கள் சின்ன அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. என் காதின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விவசாயிகள் நோய் கண்ட வாழையைப் போனில் படம் எடுத்து அனுப்புவார்கள். பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து உகாண்டாவிலிருந்து நடத்தும் இணையதளத்தில் அது ஏறும். அவர்கள் சொல்லும் யோசனையைப் பிரான்சி தமிழில் பேசி விவசாயியின் போனுக்கு அனுப்புவாள். தொட்டியத்தில் வாழை போட்டிருக்கும் செல்லக்கிளி அக்காவைப் பொறுத்தவரை, உகாண்டா பேசுவதே பிரான்சியின் குரலில்தான்.

போன ஆவணியில் கல்லூரிப் பிள்ளைகளையும் படம் எடுக்கச் சொன்னோம். வந்தது வினை. தளத்தின் நோய் வரைபடத்தில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் சிவந்துபோயின. எங்கு பார்த்தாலும் வாடல் நோயாம்! விவசாயிகள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

தளத்தைக் கவனிக்கும் டாக்டர் நகாட்டோ உகாண்டாவிலிருந்து எழுதினார்: காரணம் தெரியாவிட்டால் திருச்சிப் படங்கள் முழுவதையும் நீக்கிவிடுவார்களாம்.

"செல்லக்கிளி அக்கா நேத்துதான் படம் அனுப்புனாங்க. அதுவும் போயிடுமே! அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றாள் பிரான்சி. கண் கலங்கிவிட்டது. எனக்கு நகாட்டோ மேல் எரிச்சலாக வந்தது.

மறுநாள் காலை சிவப்புப் புள்ளிகளைத் தேடி இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். முதல் புள்ளியில் தோப்பே இல்லை, கல்யாண மண்டபம் இருந்தது. இரண்டாவதிலும் அதே. மூன்றாவது மண்டபத்தில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. வாசலில் குலையோடு கட்டிய இரண்டு வாழை மரங்கள் வெயிலில் தலை தொங்கி நின்றன. பிரான்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வெட்டிக் கட்டுன மரம் வாடாம என்ன செய்யும்! நம்ம பசங்க இலையை மட்டும் படம் எடுத்து அனுப்பியிருக்காங்க!"

அங்கேயே நகாட்டோவை வீடியோவில் அழைத்தாள். மரத்தைக் காட்டினாள், மணமக்களையும் காட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய சிரிப்பு வந்தது.

"எங்கள் ஊரிலும் கல்யாண வாசலில் வாழை வைப்போம்! ஞாயிறுதோறும் எங்கள் வரைபடமும் சிவக்கிறது. சனிக்கிழமைக் கல்யாணங்களை நாங்கள் யாருமே நினைக்கவில்லை!"

திருச்சிப் படங்கள் தப்பின. 'மரம் வேரோடு நிற்கிறதா?' என்ற கேள்வியை எல்லா நாடுகளுக்கும் சேர்க்கப்போவதாகச் சொன்ன நகாட்டோ, கையோடு செல்லக்கிளியின் மரத்துக்கும் யோசனை சொன்னார்.

அதற்குள் பெண்ணின் அப்பா ரெங்கராஜ் வந்துவிட்டார். "நீங்க பெண் வீடா, மாப்பிள்ளை வீடா?"

"வாழை வீடுங்க," என்றாள் பிரான்சி. அவர் சிரித்துக்கொண்டே எங்களைப் பந்தியில் உட்கார வைத்தார்.

இலை போட்டதும் பிரான்சி போனை எடுத்துப் பேசி அனுப்பினாள். "அக்கா, அந்த ஒரு மரத்தை வெட்டி அப்புறப்படுத்துங்க. அரிவாளை மருந்துத் தண்ணியில கழுவிட்டு அடுத்த மரத்தைத் தொடுங்க. மத்ததெல்லாம் பொழைச்சுக்கும்."

பாயசம் வருவதற்குள் செல்லக்கிளியின் பதில் வந்தது.

"ரொம்ப சந்தோஷம் கண்ணு. மேளச் சத்தம் கேக்குதே, உகாண்டாவுல கல்யாணமா?"