ஏற்றுமதிப் பெட்டியில் வேப்பிலை

போன வாரம் வானகரத்தில் ஒரு டைல்ஸ் கடை வாசலில் மரப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். புது மரத்தின் வாசனை. பெட்டியின் பக்கத்தில் கறுப்பு மையில் ஒரு கண்ணாடிக் கோப்பை. உடையும் சாமான், பார்த்துத் தூக்கு என்று அர்த்தம். வாங்க வந்ததை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்தக் கோப்பையை நானும் வரைந்திருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் டிஸ்பேட்ச் கிளார்க். என் கைக்குக் கோப்பை வராது, கோயில் உண்டியல்தான் வரும். பேக்கிங்கில் இருந்த கன்னியம்மா சும்மா விடமாட்டார்.

“இன்னா தம்பி, பொட்டி மேல கிளாஸு? கப்பல்காரன் குடிக்கவா?”

முதன்முதலாக ஆஸ்திரேலியாவிலிருந்து ஆர்டர் வந்திருந்த நேரம் அது. அதுவரை எங்கள் சரக்கு கோயம்புத்தூரைத் தாண்டியதில்லை. துறைமுக வேலைகள் தெரிந்த சுலோசனா மேடத்தைச் சனிக்கிழமைகளில் வரவழைத்து எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். பெட்டிக்குக் குறி போடுவது எப்படி, கஸ்டம்ஸ்காரர் கேட்டால் எதைக் காட்டுவது, இப்படி. இந்த லோடு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பேக்கிங் பெண்களை நிரந்தரமாக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணனூர்ப் பக்கம் நாற்று நட்டவர்கள், வயலெல்லாம் பிளாட்டான பிறகு தினக்கூலிக்கு வந்தவர்கள். என்னைவிடக் கவனமாகக் கேட்டார்கள்.

ஒரே ஒரு பாடம்தான் அவர்களுக்குக் கசந்தது. வைக்கோல் கூடாது. வால்வுக்கு வைக்கோல் மெத்தை போடுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

“வைக்கோல்ல பூச்சி இருக்கும்மா. அவங்க நாட்டுக்குள்ள பூச்சி போகவே கூடாது” என்றார் மேடம்.

கன்னியம்மா தலையாட்டினார். காகிதத்தைக் கிழித்து அடைத்தார்கள். ஒரு துரும்பு வைக்கோல் கிடையாது.

ஆடி மாதத்தில் லோடு போனது. பிறகு ஒருநாள் அங்கிருந்து வந்த டெலெக்ஸ் செய்தியைப் படித்துவிட்டு மேனேஜர் பேக்கிங் பக்கம் ஓடி வந்தார். பெட்டிகளில் ஏதோ இலை இருந்ததாம்; இலை தழையும் உள்ளே வரக் கூடாதாம். அந்த ஊர்த் துறைமுகத்தில் மொத்தத்தையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். காத்திருக்க முடியாமல் வாங்குபவர் ஆர்டரையே ரத்து செய்துவிட்டார்.

“எவ வெச்சது? கம்பெனி மானமே கப்பலேறிடுச்சு!” என்று மேனேஜர் கத்தினார்.

கன்னியம்மா ஒளிக்கவில்லை. முன்னால் வந்தார்.

“நாந்தான் சார். பூச்சி போவக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்கல்ல? அதான் பொட்டிக்கு ஒரு கொத்து வேப்பில வெச்சேன். அம்மன் கோயில்லேந்து வாங்கியாந்தது.”

நீங்களே சொல்லுங்கள், அரிசிப் பானையில் வேப்பிலை போடாத வீடு எங்களில் யாருக்கு இருந்தது? மேடம், “இலைன்னு தனியா சொல்லாம விட்டுட்டேனே” என்று புலம்பிக்கொண்டே போனார். அந்த வாரமே ஏற்றுமதிப் பிரிவை மூடினார்கள். திங்கட்கிழமை வந்த பெண்களை வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்.

தொண்ணூறுகளில் ஒருநாள் குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் கன்னியம்மாவைப் பார்த்தேன். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்ப்பதாகச் சொன்னார். விரலெல்லாம் வெடித்திருந்தது.

“தம்பி, நெசத்த சொல்லு. அந்தப் பொட்டில பூச்சி கீச்சி இருந்துச்சா?”

“இல்லக்கா. ஒண்ணுகூட இல்ல. எல இருந்ததே போதும்னு நிறுத்திட்டாங்க.”

“அப்ப வேப்பில அதும் வேலய செஞ்சிகீது” என்றார்.

பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

கன்னியம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். கம்பெனி இருந்த இடத்தில் கார் ஷோரூம். அம்பத்தூரிலிருந்து அதற்கப்புறம் என்னென்னவோ கடல் தாண்டிப் போயிற்று. அந்தப் பெண்களில் ஒருத்திகூட எந்தக் கம்பெனியிலும் நிரந்தரமாகவில்லை.