மழையில் மடித்த குடைகள்

தோட்டத்து லய வரிசையில் உள்ள எங்கள் வீட்டில், உடுப்பு அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரில், நான் பல்கலைக்கழக வளாகத்தில் முதலாம் ஆண்டில் வரைந்த சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. கூரைத் தகரத்தில் ஒழுகிய தண்ணீர் அதன் ஒரு மூலையை மஞ்சளாக்கிவிட்டது. படத்தில் மழை பெய்கிறது. பெண்பிள்ளைகள் வரிசையாக நடந்து போகிறார்கள். எல்லார் கையிலும் குடை இருக்கிறது; ஒன்றுகூட விரிந்திருக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், "மழையில ஏன் இதுக குடைய மடிச்சு வச்சிருக்குதுக?" என்று கேட்பார்கள். அப்போதெல்லாம் எனக்கு அக்காவின் ஞாபகம் வரும். கூடப்பிறந்த அக்கா அல்ல. எனக்கு இரண்டு வருடம் முன்னால் வளாகத்துக்கு வந்த, குருவிட்டப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்.

நான் யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால் வெட்டுகிறாள், அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள், முதலில் வளாகத்துக்குப் போனவள் நான்தான். இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

வளாகத்தில் முதலாம் ஆண்டுப் பெண்களுக்கு மூத்த மாணவர்கள் வைத்த எழுதப்படாத சட்டங்கள் பல இருந்தன. குடை விரிக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. குடை கொண்டுவராமலும் இருக்கக் கூடாது. மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு நனைய வேண்டும். மாலை வகுப்பு முடிகிற நேரத்துக்குத்தான் எங்கள் பக்கத்து மழை வரும். மூத்தவர்கள் கன்டீன் விறாந்தையில் தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்கள். தமிழ்ப் பெண்களுக்குப் பொறுப்பு அக்காதான். கத்த மாட்டாள். "என்னா புள்ள, தேயிலைக் கொழுந்து நனைஞ்சாத்தானே தளிரும். நட நட" என்பாள். விறாந்தை முழுக்கச் சிரிக்கும். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான் என்பது எங்களுக்குத் தெரியும்.

அதே அக்காதான் எங்களுக்குக் குப்பி எடுத்தாள். மூத்தவர்கள் இளையவர்களுக்குப் பரீட்சைக்கு முன்னால் காசு வாங்காமல் எடுக்கிற வகுப்புக்கு வளாகத்தில் அதுதான் பெயர். விரிவுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் எழுதிவிட்டு வந்த எனக்கு, நாங்கள் ஸ்டெட்ஸ் என்று சொல்லும் புள்ளிவிபரவியல் வகுப்பில் வாத்தியார் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அக்கா அதையே தமிழில், ரப்பர் மரமும் பால் வாளியும் வைத்துச் சொல்லுவாள், விளங்கிவிடும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது பனடோலும் கொத்தமல்லித் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். நனைய வைத்தவளும் அவள்தானே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருடம் வளாகத்தில் வன்முறையைத் தடுப்பது பற்றி மாணவர்களுக்குச் சுவரொட்டிப் போட்டி ஒன்று வைத்தார்கள். மூன்று மொழியில் எதிலும் செய்யலாம். வரைந்தவரின் பெயரும் பீடமும் படத்தின் கீழே இருக்க வேண்டும். அறிவித்தல் ஒட்டிய அன்றே, எங்கள் முதலாம் ஆண்டு பெட்சிலிருந்து யாரும் கலந்துகொள்ளக் கூடாது என்று விறாந்தையிலிருந்து செய்தி வந்தது. நான் ஏற்கெனவே வரையத் தொடங்கியிருந்தேன். என் அறைத்தோழி, குருவிட்ட டவுனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள், படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. யாராச்சும் கேட்டா, ஒன்னய எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருவேன்" என்றாள். பிறகு சொன்னபடியே நடந்தாள்.

அக்கா விடுதிப் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

"பேரோட போடப்போறியாமே."

"ஆமாங்க அக்கா."

"போடு. ஆனா குப்பிக்கு வராத. ஸ்டெட்ஸ்ல ஃபெயிலாகி வீட்டுக்குப் போய் அம்மாகூட பால் வெட்டு."

அவள் மிரட்டவில்லை, நடக்கப்போவதைத்தான் சொன்னாள். குப்பி இல்லாமல் பாஸ் பண்ணிய தோட்டத்துப் பிள்ளை எங்களுக்கு முந்தின பெட்சுகளில் யாரும் இருக்கவில்லை. அன்று இரவு அப்பாவைப் பற்றி யோசித்தேன். இப்போதும் மெனேஜர் தொரையின் ஜீப் வந்தால் அவர் குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பார். அப்படிச் செய்யும்படி இந்தக் காலத்தில் யாரும் அவரிடம் சொல்வதில்லை. நான் பெயரை எழுதிப் படத்தைக் கொடுத்துவிட்டேன்.

கண்காட்சியில் மற்றப் படங்களில் எல்லாம் இரத்தமும் முஷ்டியும் கயிறும் இருந்தன. ஒரு நடுவர் என் படத்தின் முன்னால் நின்று, இதில் வன்முறை எங்கே இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். மழையைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார். பரிசு கிடைக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அக்கா வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல எங்களக் காணோமே" என்றாள்.

"நீங்க விறாந்தையில நிக்கிறீங்க அக்கா. அங்க இருந்து பாத்தாத்தான் இப்படித் தெரியும்."

அவள் திரும்பிப் போய்விட்டாள். சொன்ன வாக்கையும் மாற்றவில்லை. நான் குப்பிக்குப் போகவில்லை. கன்டீனில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. நூலகத்தில் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். புள்ளிவிபரவியலில் ஃபெயில். மற்றதெல்லாம் பாஸ்.

அடுத்த வருடம் புதிய பிள்ளைகள் வந்தார்கள். இப்போது விறாந்தையில் நின்றது எங்கள் பெட்ச். "நாங்க நனையலயா?" என்பதுதான் அவர்களுடைய ஒரே நியாயம். பிள்ளைகள் குடையை மடித்துக்கொண்டு நடந்தார்கள். இறுதியாண்டில் இருந்த அக்கா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. குப்பி தொடங்கிய அன்று மட்டும் ஒன்று சொன்னாளாம்: "நனைஞ்சுக்கிட்டு வர்றவளுக்கு எங்கிட்ட குப்பி கெடையாது. என் நோட்ஸ் ஈரமாகுது."

குப்பி இல்லாமல் யாருக்கும் முடியாது. அந்த வாரமே குடைகள் விரிந்தன. விறாந்தையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அக்காவை எதிர்த்துப் பேச யாரும் வரவில்லை. என்னை மட்டும் அவள் அப்போதும் கூப்பிடவில்லை. நான் ஃபெயிலான பாடத்தை மறுபடி தனியாக எழுதிப் பாஸ் பண்ணினேன்.

இப்போது நான் பிரதேச செயலகம் ஒன்றில் உத்தியோகத்தர். அக்கா ஆசிரியை. போன மாதம் கரவனெல்ல பஸ் நிறுத்தத்தில் அவளைக் கண்டேன். கொஞ்சம் பருத்திருந்தாள். அவளோடு வந்த இன்னொரு ஆசிரியை, "ஓ, இவங்களும் ஒங்க குப்பிப் பிள்ளையா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் அக்கா. "இவ எங்கிட்டப் படிக்கல. தனியாப் படிச்சுப் பாஸ் பண்ணுனவ."

"ஒரு பாடம் ரிப்பீட்டுங்க அக்கா" என்றேன்.

"அதையும் தனியாத்தானே எழுதுன" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்தாள்.