முத்துமீனா வாய்விட்டுச் சொன்ன ஏழு லிட்டர்

ஆலங்கரைப்பட்டியில் ஒரு பெண்ணிடம் வயதைக் கேட்கலாம். பீரோவில் எத்தனை பவுன் இருக்கிறது என்று கேட்கலாம். மருமகளோடு சண்டையாமே என்றுகூடக் கேட்கலாம். மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "என்னத்தக் கறக்குது, பிள்ளைகளுக்குக் காப்பித்தண்ணிக்கு ஆகுது" என்று பதில் வரும். சொல்பவளின் கையில் தளும்பத் தளும்ப ஒரு தூக்குவாளி இருக்கும். அதை முந்தானையால் மூடியிருப்பாள். வாளியின் பிடியில் கறுப்புக் கயிறு வேறு கட்டியிருப்பாள். அளவை வெளியே சொன்னால் கண் பட்டு மடி வற்றிவிடும் என்பது அந்த ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்த விஷயம்.

கொட்டாம்பட்டி நாற்கரச் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் முத்துமீனா. இப்போது நாற்பத்திரண்டு வயது. கல்யாணமான புதிதில் கப்பலூரில் ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டும் வேலைக்குப் போனாள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். பஸ்ஸிலேயே தூங்கி எழுந்து ஆறு வருஷம் ஓடிப்போனது. பிறகு அந்த வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒரு செவலை மாடு வாங்கினாள்.

நல்ல மாடு. ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் கறந்தது. முத்துமீனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி கேட்டதும், "பத்து லிட்டர் கறக்குது" என்று சொல்லிவிட்டாள். நான்காம் நாள் மடி இறுகிப்போனது. பாலில் ரத்தம் வந்தது. மூன்று காம்புகள் அடைத்துக்கொண்டன. கடைசியில் யாவாரி வந்து மாட்டைப் பிடித்துக்கொண்டு போனான். "பந்தியில உக்காந்து யாராச்சும் லிட்டர் சொல்லுவாகளாடி?" என்று ஊரே அவளைத் திட்டியது. பாவம், மாடு போன துக்கத்தோடு அந்தப் பழியையும் சுமந்தாள்.

அந்தத் துக்கம்தான் அவளைத் திருப்பரங்குன்றத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய மூன்று நாள் மாடு வளர்ப்புப் பயிற்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே பாடம் எடுத்தவர் கால்நடை டாக்டர் எஸ்தர். அவரிடம் முத்துமீனா செவலையின் கதையைச் சொல்லி அழுதாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கறந்து முடிச்ச உடனே மாடு என்னம்மா பண்ணுச்சு?" என்றார்.

"படுத்துக்கிரும் டாக்டரம்மா."

"எதுல படுக்கும்?"

"சாணியும் மூத்திரமுமா கெடக்கும், அதுலதான்."

கறந்ததும் காம்பின் துளை மூட அரை மணி நேரமாகும், அதற்குள் மாடு ஈரத்தில் படுத்தால் கிருமி உள்ளே ஏறிவிடும், அதற்குப் பெயர் மடிநோய் என்று அவர் விளக்கினார். கறந்தவுடன் தீவனம் வைத்தால் மாடு நின்று தின்னும், படுக்காது. இவ்வளவுதான் வைத்தியம். முத்துமீனாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஒரு கூடை தீவனத்தை வைக்கும் நேரத்தை மாற்றியிருந்தால் செவலை இருந்திருக்கும்.

அதன் பிறகு அவள் இன்னொரு மாடு வாங்கினாள். அதோடும் விடவில்லை. முதலில் பயிற்சிக்கு ஆள் கூட்டிப் போனாள், பிறகு தானே சொல்லிக்கொடுத்தாள். நிறுவனம் அவளைப் பதினோரு ஊர்களுக்குப் பயிற்சி ஒருங்கிணைப்பாளராகப் போட்டது. அந்த நீளப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊரில் அவள் 'டிரைனிங் மீனா' ஆனாள். மதுரையிலிருந்து காலை பத்து மணிக்கு என்று நோட்டீஸ் வரும். பத்து மணிக்கு எல்லாரும் நூறு நாள் வேலையில் கம்மாய்க் கரையில் நிற்பார்கள் என்று நோட்டீஸ் அடித்தவர்களுக்குத் தெரியாது. அவள் அதை மதியம் இரண்டு மணிக்கு மாற்றினாள். சமுதாயக் கூடத்தில் நாற்காலி போட்டுப் பேசுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு நாளும் ஒருத்தி வீட்டுத் தொழுவத்தில் வகுப்பு வைத்தாள். வகுப்பு நடக்கும் வீட்டுக்காரி முதல் நாளே தொழுவத்தைக் கழுவித் தள்ளிவிடுவாள். பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

இரண்டு வருஷத்தில் ஆலங்கரைப்பட்டி மாடுகள் பார்க்கவே பளபளப்பாக ஆயின. பால் கெட்டியானது. ஆனால் கெட்டிப் பாலுக்கும் தண்ணிப் பாலுக்கும் வெளியே ஒரே விலைதான். ஊரில் பாதிப் பாலைப் பால்காரர் மலையாண்டி படியால் அளந்து வாங்கிப்போவார். மீதி நாற்கரச் சாலை டீக்கடைகளுக்குப் போகும். கொழுப்பைச் சோதித்து அதற்கேற்ற விலை கொடுக்கும் மெஷினோடு ஊரிலேயே பெண்களுக்கென்று ஒரு பால் சொசைட்டி வேண்டும் என்று முத்துமீனா ஒரு வருஷமாக ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. காலைக் கறவையில் மட்டும் இருநூறு லிட்டர் சேர வேண்டும்.

நாற்பத்தாறு வீடுகளில் ஏறி இறங்கிக் கேட்டு எழுதினாள். கூட்டிப் பார்த்தால் நூற்றுப் பதினெட்டு லிட்டர் வந்தது. பட்டியலை மதுரையில் பால் ஒன்றியத்தின் விரிவாக்க அலுவலர் செல்வக்குமாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் கணக்குக்கு மனசு கிடையாதே.

"நூத்திப் பதினெட்டுக்கு வண்டி அனுப்ப முடியாதும்மா. ரெண்டு வருஷம் டிரைனிங் கொடுத்தும் வீட்டுக்கு ரெண்டரை லிட்டர்னா, அந்த டிரைனிங்கே எதுக்குன்னு உங்க ஆபீஸ்லயும் கேப்பாங்கள்ல?"

அங்கிருந்து நிறுவனத்துக்குப் போனாள், அங்கே கேட்கவும் செய்தார்கள். ஆலங்கரைப்பட்டி வகுப்புகளை நிறுத்திவிட்டு வேறு வட்டாரத்துக்கு மாற்றலாமா என்று நிறுவனத்தில் பேச்சு எழுந்துவிட்டது. சொசைட்டியும் போய், வகுப்பும் போகப் போகிறது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த முத்துமீனாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பட்டியலை மடியில் விரித்தாள். அன்னக்கொடி, மாடு மூன்று, காலை ஆறு லிட்டர். மூன்று மாட்டுக்கு ஆறு லிட்டரா! அந்த வீட்டு வாளியைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். "பொய்யி, அம்புட்டும் பொய்யி" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஒவ்வொரு பெயராகத் திட்டிக்கொண்டே கடைசி வரிக்கு வந்தாள். அங்கே அவள் கையெழுத்திலேயே இருந்தது: முத்துமீனா, மாடு ஒன்று, காலை மூன்று லிட்டர்.

அவள் மாடு காலையில் ஏழு லிட்டர் கறக்கும்.

யாரும் அவளைக் கேட்கவில்லை, மிரட்டவில்லை. பேனா பிடித்த கை தானாகப் பாதியை விழுங்கியிருக்கிறது. பதினோரு ஊர்களுக்குப் போய், கண்ணுமில்லை காதுமில்லை, எல்லாம் சாணிதான் என்று பாடம் எடுத்தவள், தன் மாட்டுக்கு மட்டும் மறைத்து எழுதியிருக்கிறாள். மேலூர் தாண்டும்வரை அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பிறகு வெட்கமாக இருந்தது.

மறுநாளே செல்வக்குமாருக்குப் போன் போட்டாள். "சார், பட்டியல் தப்பு. நீங்களே வந்து ஒரு நாள் அளந்து பாருங்க" என்று மன்றாடினாள். பத்தாம் நாள் வருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

போன் போட்ட அன்றே மதியம் அன்னக்கொடி வீட்டுத் தொழுவத்தில் வகுப்பு. நாற்பது பெண்களாவது இருந்திருப்பார்கள். முத்துமீனா எழுந்து நின்றாள். செவலையின் இறுகிய மடி கண்முன் வந்து போனது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பட்டியல்ல நானே பொய் எழுதியிருக்கேன். மூணுன்னு போட்டேன். என் மாடு காலையில ஏழு லிட்டர் கறக்குது."

அன்னக்கொடிதான் முதலில் வாய் திறந்தாள். ஊரில் அதிகப் பால் அவள் வீட்டில்தான், அதனால் பயமும் அவளுக்குத்தான் அதிகம்.

"அடி ஆத்தி! தூ, தூ! ஒரு மாட்டைப் பறிகொடுத்தும் ஒனக்குப் புத்தி வரலையாடி?"

"அக்கா, பத்து நாள்ல சார் அளக்க வாரார். நம்ம பாலை மறைச்சா நம்மளுக்கு மெஷின் இல்ல. அம்புட்டுத்தான்."

அன்னக்கொடி முந்தானையை இழுத்துச் செருகினாள். "சரி. நீ சொல்லிட்டேல்ல? பத்து நாளைக்கு ஒன் மாடு நல்லா இருக்கட்டும். இருந்தா நாங்க ஊத்துறோம். இல்லாட்டி இந்தப் பேச்சே எடுக்காத." எல்லாத் தலைகளும் ஆடின.

ஆக, ஊரின் சொசைட்டி முழுக்க ஒரு மாட்டின் மடியில் வந்து நின்றது. அன்று சாயங்காலமே பார்க்க வந்துவிட்டார்கள். உப்புக் கேட்டு ஒருத்தி வந்தாள், சும்மா ஒருத்தி வந்தாள். எல்லார் பார்வையும் மடியில்தான் போய் விழுந்தது. முத்துமீனாவின் புருஷன் தவசி, "டிக்கெட் போட்டா நல்ல வசூலாகும்" என்றான். அவள் சிரிக்கவில்லை. தரையை வேளைக்கு வேளை கழுவிக் காயவிட்டாள். கறந்ததும் தீவனம் வைத்து, அரை மணி நேரம் மாட்டைப் படுக்கவிடாமல் காவல் நின்றாள். ஒவ்வொரு கறவையிலும் முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தாள்; மடிநோய் தொடங்கினால் பால் திரிந்து அதில் துணுக்காக நிற்கும். வகுப்பில் சொன்ன எதையும் விடவில்லை.

ஆறாம் நாள் காலை கறுப்புத் துணியில் இரண்டு வெள்ளைத் துணுக்குகள் நின்றன.

உடனே மடியைத் தொட்டுப் பார்த்தாள். மடி மெத்தென்றுதான் இருந்தது, பால் அளவும் குறையவில்லை. வெளியே யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னும் நான்கு நாள். துணியைக் கசக்கிக் கழுவிவிட்டால் முடிந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மறைத்துத்தானே இத்தனையும் வந்தது என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து டாக்டர் எஸ்தருக்குப் போன் செய்தாள். பிறகு அந்தத் துணியோடு நேரே அன்னக்கொடி வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, ஒரு காம்புல மடிநோய் தொடங்கியிருக்கு. வந்து பாருங்க."

"நான் சொன்னேன்ல!" என்று அன்னக்கொடி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

டாக்டர் எஸ்தர் வந்து எல்லார் முன்னாலும் பாலைச் சோதித்தார். ஒரே ஒரு காம்புதான், ஆரம்ப நிலை. காம்பு வழியாக மருந்து செலுத்தினார். மூன்று நாள் மருந்து, அதன் பிறகு இன்னும் மூன்று நாளைக்கு அந்தப் பாலை யாருக்கும் ஊற்றக் கூடாது என்றார். கிளம்பும்போது அன்னக்கொடியைப் பார்த்துச் சிரித்தார். "கண்ணு பட்டதுன்னா என் மருந்துக்குக் கேக்காதும்மா. மூணு நாள் கழிச்சு நீங்களே கறந்து பாருங்க."

அன்னக்கொடி விடுவாளா? ஒன்பதாம் நாள் காலை வந்து மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான்கு காம்பிலிருந்தும் கறுப்புத் துணியில் பீச்சிப் பார்த்தாள். ஒரு துணுக்கும் இல்லை. தானே கறந்தும் முடித்தாள். வாளியை எட்டிப் பார்த்தாள், ஏழு லிட்டர். குறையாமல் ஏழு. நாளைக்குப் பால் ஊற்றுவார்களா என்பதை மட்டும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். முத்துமீனாவுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் விடிந்தது. செல்வக்குமார் ஆளுக்கு நாற்பது லிட்டர் பிடிக்கும் ஐந்து கேன்களோடு சமுதாயக் கூடத்து வாசலில் வந்து இறங்கினார். மேசை போட்டார், நோட்டை விரித்தார். ஆறு மணிக்கு ஒருவரும் இல்லை. ஆறே கால். முத்துமீனா வெறுங்கையோடு நின்றிருந்தாள். அவள் பால் மருந்துப் பால், ஊற்றவும் முடியாது.

முதலில், வகுப்புக்கு வரும் அழகம்மாள் வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். தெரு முனையில் பார்த்தால் வரிசையாக வாளிகள் வந்துகொண்டிருந்தன. முந்தானை எல்லாம் தோளில் கிடந்தது. ஒரு வாளி மேலும் மூடி இல்லை. ஒரு கேன் நிறைந்தது, இரண்டு நிறைந்தது. ஏழு மணிக்கு ஐந்து கேனும் நிறைந்து வழிந்தது. இருநூறு தாண்டிவிட்டது, வரிசையில் இன்னும் பதினாறு பேர் நிற்கிறார்கள். செல்வக்குமார் தலையைச் சொறிந்தார். வேறு வழியில்லாமல் மலையாண்டிக்கே போன் போட்டுக் கேன் கடன் கேட்டார்கள். அவர் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வாயைப் பிளந்து நின்றார்.

"ஏத்தா, பதினஞ்சு வருசமா ஒங்க ஊர்ல பால் எடுக்குறேன். இம்புட்டுப் பாலை எங்கத்தா வச்சிருந்தீங்க?"

"சொசைட்டிக்குக் கேன் ஏத்த ஆள் வேணும்ணே, நீங்களே வாங்க" என்றாள் முத்துமீனா. அவர் யோசிக்கிறேன் என்றார். மறுமாதம் சேர்ந்தும்விட்டார்.

மொத்தம் இருநூற்று எண்பத்து மூன்று லிட்டர். செல்வக்குமார் பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் பெயர் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியாகத் தன் அளவைச் சொன்னாள். முதலில் முணுமுணுப்பாகத்தான் வந்தது. போகப் போகக் குரல் ஏறியது. அன்னக்கொடி "இருபத்தொண்ணு" என்றபோது தெருக்கோடிவரை கேட்டது. கடைசியாக முத்துமீனாவின் பெயர் வந்தது.

"நான் இன்னைக்கு ஊத்தல சார். மருந்து போட்ட மாடு. சைபர்னு போட்டுக்கங்க."

செல்வக்குமார் சைபர் போடப் பேனாவை நோட்டில் வைக்கப் போனார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அன்னக்கொடி மேசைக்கு வந்துவிட்டாள்.

"சைபரா? அவ மாடு ஏழு லிட்டர் கறக்கும் சார். நேத்து நான்தான் கறந்தேன். ஏழுன்னு எழுதுங்க, நல்லாப் பெருசா எழுதுங்க!"

ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் "ஆமா சார், ஏழு!" என்று கத்தினார்கள். செல்வக்குமார் சிரித்துக்கொண்டே ஏழு என்று எழுதினார். முத்துமீனா அன்னக்கொடியின் தோளைக் கட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்கவே ஓவென்று அழுதாள்.