எண்ணெய்த் தொட்டியில் அருவித் தண்ணீர்

அந்தப் பட்டறை சங்கரேஸ்வரிக்குத்தான் வந்திருக்க வேண்டும். தென்காசியில் யாரிடம் வேண்டுமானாலும் இதை நான் சொல்வேன். எதிரே லேத் போட்டிருப்பவன் நான். அங்கே யார் வேர்த்தார்கள், யார் விசிறிக்கொண்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

அவள் அப்பா பெயர் கடற்கரை. அவர் வயலை விற்று ஆரம்பித்த பட்டறை அது. இரும்புச் சாமானைப் பழுக்கக் காய்ச்சி, தொட்டியில் முக்கி, உறுதியேற்றிக் கொடுப்பதுதான் தொழில். புளியறை செக்போஸ்ட் வழியாகப் போகிற லாரிகளின் இரும்புப் பின்கள், கேரளத்து ரப்பர் வெட்டும் கத்திகள் என்று வேலை வரும். போர்டில் ‘கடற்கரை அண்ட் சன்ஸ்’ என்று எழுதியிருந்தார். மகன் விஜய்பாண்டி ஒருவன்தான். அவனும் சென்னையில் ஏதோ கம்பெனியில் இருந்தான். அனலில் நின்றவள் மகள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாரல் தொடங்கிக் குற்றாலத்தில் அருவி விழுந்ததும், முதல் தண்ணீரைக் குடத்தில் பிடித்துவந்து, சாம்பிராணி காட்டி, தொட்டியில் ஊற்றுவார்கள். தொட்டியில் வெறும் தண்ணீர் இருந்த காலத்தில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. டிப்ளமோ முடித்து வந்த சங்கரேஸ்வரி, தண்ணீரில் முக்கினால் பின்கள் விரிசல் விடுகின்றன என்று எண்ணெய்த் தொட்டிக்கு மாற்றினாள். கரண்ட் உலையும் போட்டாள். கேரளத்திலிருந்து வேலை குவிந்தது. எண்ணெய்க்குள் தண்ணீர் போனால் அடியில் தங்கும், பழுத்த இரும்பு இறங்கியதும் கொதித்து எண்ணெயைத் தூக்கி வெளியே வீசும், பிறகு தீதான் என்று அப்பாவுக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். தீர்த்தம் ஊற்றுவதற்கென்று தொட்டிக்கு அருகில் ஒரு பித்தளை அண்டாவை வைத்தாள். கடற்கரையும் வருஷாவருஷம் அதில்தான் ஊற்றினார்.

போன சாரலில் விஜய்பாண்டி வேலை போய் ஊருக்கு வந்தான். வந்த பிள்ளைக்கு ஒரு தொழில் வேண்டுமே. இந்த முறை தீர்த்தம் அவன் கையால் என்று கடற்கரை சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டார். சங்கரேஸ்வரி புளியறைக்குச் சரக்குக் கொடுக்கப் போயிருந்தாள். அவள் வரட்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விஜய்பாண்டி குடத்தை நேராக எண்ணெய்த் தொட்டியில் கவிழ்த்தான். எதிரே இருந்த எனக்கும் கேசரி வந்தது.

மத்தியானம் திரும்பியவள் அடுத்த சரக்கைப் பழுக்கவிட்டுத் தொட்டியில் இறக்கினாள். சத்தம் கேட்டு ஓடினேன். இரண்டு கைகளும் கழுத்தும் வெந்துபோயிருந்தன. என் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

பொம்பளை உலைக்கு முன்னால் நின்றால் இப்படித்தான் ஆகும் என்று சொந்தக்காரர்கள் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கடற்கரை வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் நான் வாசல் பக்கம் நிற்கும்போதே, அவள் கட்டிலருகே உட்கார்ந்து மெல்ல ஆரம்பித்தார்.

“தம்பி தெரியாம தொட்டியில ஊத்திட்டான். வெளிய சொல்லிராதம்மா.”

“நீங்க பாத்துக்கிட்டுதான நின்னீய?”

“பிள்ள மொத மொதல்ல கை வைக்கான். நாலு பேருக்கு முன்னால வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன்? கொஞ்சத் தண்ணிதான, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்.”

“நான் வந்த பொறவாவது சொல்லியிருக்கலாம்லா.”

கடற்கரை தலையைக் குனிந்துகொண்டார். “நீ அவன ஏசுவ.”



கை ஆறியதும் பட்டறையை மகன் பேருக்கு மாற்றக் கிளம்பினார்கள். கரண்ட் உலை போட்டபோது அவளையும் பங்குதாரராகச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பங்கை அவள் விட்டுக்கொடுக்க வேண்டும். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பதிவு ஆபீஸ் வாசலில் அவளிடம் கேட்டேவிட்டேன்.

“நீ ஏம்மா ஒத்துக்கிட்ட?”

“எங்கப்பாவுக்கு என் உசுர விட அவன் மொகம் வாடாம இருக்கதுதான் பெருசு, அண்ணாச்சி. இனி அங்கன எப்படி நிப்பேன்?”

உள்ளே கைரேகை மெஷினில் பெருவிரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். ரேகை விழவில்லை. அடுத்த விரலை வைத்தாள், மறு கையையும் வைத்தாள். வெந்து ஆறிய தோலில் ரேகை எங்கே இருக்கும்? விஜய்பாண்டி கர்சீப்பை எடுத்து அக்கா விரலை நன்றாகத் துடைத்துவிட்டான்.

“இன்னுங் கொஞ்சம் அழுத்திப் பாருக்கா,” என்றான்.